பாடசாலையின் உள்கடிதங்களை ஊருக்குத் திறந்து வைப்பது: திருகோணமலைப் பாடசாலைகளுக்கு ஓர் எளிய விளக்கம்

ஒரு பாடசாலையின் அலுவல் முழுவதும் எழுத்தில்தான் நடக்கிறது. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். அதை வைத்து அதிபர் ஆசிரியர்களுக்கு ஓர் அறிவித்தல் எழுதுவார். ஆசிரியர் கூட்டத்தில் பேசியது கூட்டறிக்கையாகும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒரு வேலைக்கு மூன்று விலைமனு வாங்கி ஒன்றைத் தெரிவு செய்யும். மண்டபக் கூரை ஒழுகுகிறது என்று வலயத்துக்குக் கடிதம் போகும். பதில் வரும், சில வேளை வராது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் பாடசாலையின் உள்ளகத் தொடர்பாடல். இவற்றைக் கோவைக்குள் பூட்டி வைக்காமல், பெற்றோரும் பழைய மாணவரும் ஊரவரும் கேட்காமலேயே பார்க்கக்கூடியதாக வைப்பதை இங்கே திறந்து வைத்தல் என்கிறோம்.

எல்லாக் கடிதத்தையும் அப்படியே வெளியில் போடுவது திறந்து வைத்தல் ஆகாது. "பிள்ளைகளின் விபரம் வெளியே போய்விடும்" என்று அதிபர்கள் அஞ்சுவது நியாயமான அச்சம். அந்த அச்சத்தை மதித்துக்கொண்டே செய்ய ஒரு வழி இருக்கிறது. முடிவையும் ஆளையும் எழுதும்போதே பிரித்து எழுத வேண்டும். என்ன முடிவு, ஏன், எவ்வளவு பணம், எப்போது முடியும் என்பவை ஒரு தாளில் வரட்டும். எந்தப் பிள்ளை, எந்தக் குடும்பம், என்ன நோய் என்பவை இன்னொரு தாளில் போகட்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் திறந்து வைப்பது நாளுக்குப் பத்து நிமிட வேலை. வராவிட்டால், ஒவ்வொரு தாளையும் பிறகு இருந்து கறுப்பு மையால் அழிக்க வேண்டும். அப்படி அழிக்கும்போதுதான் பிழைகள் நடக்கின்றன.

இங்கே இது ஏன் வேண்டும்

திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. மாகாணப் பாடசாலையின் கடிதம் கோட்டம், வலயம், மாகாணக் கல்வித் திணைக்களம் என்று படியேறும். தேசியப் பாடசாலை என்றால் கொழும்புப் பக்கம் உள்ள கல்வி அமைச்சோடு நேரடித் தொடர்பு. ஒரு கடிதம் இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று பெற்றோருக்குத் தெரியாது. ஆகவே ஆசிரியர் இல்லாத பாடத்துக்கும் ஓடு உடைந்த வகுப்பறைக்கும் அதிபர்தான் திட்டு வாங்குகிறார். ஆறு மாதத்துக்கு முன்பே அவர் எழுதிய கடிதமும் நினைவூட்டலும் பாடசாலை அறிவித்தல் பலகையில் இருந்தால், ஊர் அவரோடு சேர்ந்து வலயத்திடம் கேட்கும். அதிபர்களுக்கு இதனால் கிடைக்கும் பாதுகாப்பைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

பணமும் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பும் நிதி எங்கே போனது என்ற கேள்வி பதிலின்றிக் கிடந்தால், அடுத்த முறை அனுப்பும் கை தயங்கும். வெருகலிலோ புல்மோட்டையிலோ கடலுக்கும் வயலுக்கும் போகும் பெற்றோர் காலையில் பாடசாலை வாசலில் நின்று விசாரிக்க முடியாது; வாய்வழியாக வரும் செய்திதான் அவர்களுக்குச் செய்தி. அது வழியிலேயே திரிந்துவிடும்.

இன்னொன்று, தாள் அழிவது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்த மாவட்டக் கரையை அடித்தது. 2006 இல் மூதூர் கிழக்கிலும் சம்பூரிலும் மக்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். இப்படிப்பட்ட நாட்களில் ஒரே ஒரு பிரதியாக அலுமாரிக்குள் இருக்கும் பதிவேடு மீள்வதில்லை. வெளியில் பல இடங்களில் பிரதியுள்ள ஆவணம் தப்பிப் பிழைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே, 2015 இல் வந்த அரசியலமைப்பின் 19 ஆம் திருத்தம் தகவல் பெறும் உரிமையை 14அ உறுப்புரையில் அடிப்படை உரிமையாக்கியது. அரச பாடசாலை இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. சட்டத்தால் பதிவு பெற்ற அல்லது அரச நிதி பெறும் தனியார் கல்வி நிறுவனங்களும் அதற்குள் வருகின்றன.

திறந்து வைக்க விரும்பும் அதிபர் தெரிந்திருக்க வேண்டிய பிரிவுகள் சில உண்டு. 4 ஆம் பிரிவின்படி, வேறு எழுத்துச் சட்டம் எதனோடும் முரண்பாடு வந்தால் இந்தச் சட்டமே மேலோங்கும். 5 ஆம் பிரிவு எதை மறுக்கலாம் என்று சொல்கிறது: பொது அலுவலோடு தொடர்பில்லாத தனிப்பட்ட விபரம், மருத்துவப் பதிவு, இரகசியம் பேண வேண்டிய பரீட்சைத் தகவல் முதலியவை. ஆனால் வெளியிடுவதால் வரும் பொதுநலன் கேட்டைவிடப் பெரிதென்றால் அந்த மறுப்பும் நிற்காது. 6 ஆம் பிரிவு, மறுக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மிகுதியைக் கொடுக்கச் சொல்கிறது. ஒரு பெயர் இருப்பதற்காகப் பத்துப் பக்கத்தையும் மறைப்பது ஆகவே சரியல்ல. சட்டம் அனுமதிக்கும் தகவலைக் கொடுத்ததற்காக ஓர் உத்தியோகத்தரைத் தண்டிக்கக் கூடாது என்பது 40 ஆம் பிரிவு. பயம் அதிகமுள்ள அலுவலகத்தில் முதலில் வாசித்துக் காட்ட வேண்டியது இதைத்தான்.

மறுபக்கத்தில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது பிள்ளை ஒன்றைப் பற்றிய தரவைச் சிறப்பு வகைத் தரவாகக் கணக்கில் எடுக்கிறது. இந்த இரண்டு சட்டங்களையும் ஒன்றோடொன்று மோதவிடத் தேவையில்லை. ஒன்று முடிவுகளைத் திறக்கச் சொல்கிறது, மற்றது ஆட்களைக் காக்கச் சொல்கிறது.

கேட்டால் கொடுப்பதற்கு அதிபருக்குச் சட்டம் போதும். இங்கே சொல்லும் அளவுக்குக் கேட்காமலே வெளியிடுவது பாடசாலை எடுக்கும் கொள்கை முடிவு. அதை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக எடுத்து, அதன் பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்பி, பதிலைக் கோவையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தீர்மானம் இல்லாமல் ஓர் ஆசிரியர் தன் ஆர்வத்தில் தொடங்கினால், முதல் சிக்கலிலேயே அவர் தனியாக நிற்க வேண்டி வரும்.

எது திறக்கும், எது திறக்காது

தயக்கமில்லாமல் திறக்கக்கூடியவை: அமைச்சு, மாகாணம், வலயம் அனுப்பும் பொதுச் சுற்றறிக்கைகள், நேரசூசி, தவணைத் திட்டம், சங்கக் கூட்ட முடிவுகள், காசேட்டின் (வரவு செலவு எழுதும் ஏடு) மாதச் சுருக்கம், விலைமனு ஒப்பீடு, கட்டடம், தளபாடம், ஆசிரியர் வெற்றிடம் பற்றி மேலிடத்துக்குப் போன கடிதங்களும் வந்த பதில்களும், பெற்றோரிடம் என்ன பணம், எந்தச் சுற்றறிக்கையின் கீழ் கேட்கப்படுகிறது என்ற விபரம். பாடசாலை உணவுத் திட்டம் இருந்தால் யார் சமைக்கிறார், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தொகை, இன்று எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்பதும் இதில் சேரும். தரம் 1 அனுமதிக்கான தற்காலிகப் பட்டியலையும் இறுதிப் பட்டியலையும் பலகையில் இடும் வழக்கம் ஏற்கெனவே இருப்பதால் திறந்து வைத்தல் பாடசாலைகளுக்குப் புதிய விடயமும் அல்ல.

காலம் வரும்வரை மூடி வைத்துப் பிறகு திறப்பவையும் உண்டு. விலைமனுக்கள் பிரிக்கும்வரை மூடியிருக்க வேண்டும், தெரிவு முடிந்ததும் திறக்க வேண்டும். தவணைப் பரீட்சை வினாத்தாள் பரீட்சை முடிந்த மறுநாள் திறக்கலாம். இவற்றின் மேல் மூடிய திகதியை எழுதுவதோடு, திறக்கும் திகதியையும் அன்றே எழுதிவிடுங்கள். திகதி இல்லாத "தற்காலிக" மூடல் நிரந்தர மூடலாகிவிடுகிறது.

ஒருபோதும் திறக்காதவை: மாணவரின் சேர்வு விபரம், வரவுப் பதிவேடு, தனிப் புள்ளிகள், உடல்நலம், குடும்ப நிலை, ஒழுக்கக் குறிப்பு, ஆலோசனை வழங்கும் ஆசிரியரிடம் பிள்ளை சொன்னவை, ஆசிரியரின் சொந்தக் கோவை, முடியாத விசாரணை. துன்புறுத்தல் சம்பந்தமான முறைப்பாட்டை எந்த வடிவிலும், பெயர் நீக்கிக்கூட, வெளியிடாதீர்கள். அது போக வேண்டிய இடம் பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகமும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கமும்தான்.

பாடசாலையில் நடப்பவற்றைப் பதியும் ஏடான சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் கட்டடம் திறந்ததும் இருக்கும், பிள்ளை ஒன்று காணாமல் போனதும் இருக்கும். அதை முழுதாகத் திறக்க வேண்டாம். பொது நிகழ்வுகளை மட்டும் மாதம் ஒரு முறை தனித்தாளில் எடுத்து எழுதிப் பலகையில் இடுவது போதும்.

பிரித்து எழுதுவது எப்படி

பெரும்பாலான பாடசாலைகளில் கூட்டறிக்கை ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் கொப்பி) கையால் எழுதப்படுகிறது. இனி இரண்டு கொப்பி வையுங்கள். ஒன்றில் 'பொது' என்றும் மற்றதில் 'அந்தரங்கம்' என்றும் அட்டையில் எழுதுங்கள். கூட்டம் நடக்கும்போது செயலாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவார்.

வழக்கமாக ஒரு கூட்டறிக்கைப் பந்தி இப்படி இருக்கும் (இது விளக்கத்துக்காக அமைத்த மாதிரி): "தரம் 8 மாணவி இன்னார் மலசலகூடத்தில் வழுக்கி விழுந்து கை முறிந்துள்ளது. தாய் வெளிநாட்டில், அம்மம்மாவுடன் இருப்பவர். பொறுப்பாசிரியர் இன்னாரின் கவனயீனமே காரணம் என்று உறுப்பினர் இன்னார் சொன்னார். அதிபர் மறுத்தார். தளத்தைத் திருத்தவும் 68,000 ரூபா விலைமனுவை ஏற்கவும் முடிவாகியது."

இதைப் பிறகு மையால் அழித்து வெளியிட்டால் கடைசி வாக்கியம் மட்டும் மிஞ்சும். வாசிப்பவர் மறைந்த நான்கு வாக்கியத்தில் என்ன இருந்தது என்றுதான் யோசிப்பார். எழுதும்போதே பிரித்தால் பொதுக் கொப்பியில் இப்படி வரும்:

"இலக்கம் 4. பெண்பிள்ளைகளின் மலசலகூடத் தளம் நனைந்தால் வழுக்குகிறது. இதனால் ஒரு விபத்து நடந்துள்ளது. பழைய ஓட்டை அகற்றிச் சொரசொரப்பான ஓடு பதிக்க முடிவு. கிடைத்த விலைமனுக்கள்: 68,000, 74,500, 81,000 ரூபா. மூன்றும் ஒரே வகை ஓட்டுக்கானவை என்பதால் குறைந்த தொகை தெரிவானது. பணம் சங்கக் கணக்கிலிருந்து. பொறுப்பு: பொருளாளர். தவணை விடுமுறைக்குள் முடிய வேண்டும். அதுவரை பெண்பிள்ளைகள் விஞ்ஞான கூடத்துக்குப் பின்னுள்ளதைப் பயன்படுத்துவர். அந்தரங்கக் குறிப்பு: அ-4."

மாணவியின் பெயர், குடும்ப நிலை, ஆசிரியர் மீதான குற்றச்சாட்டு மூன்றும் அந்தரங்கக் கொப்பியில் அ-4 இன் கீழ் போகும். பொதுக் கொப்பியில் அந்த இலக்கத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ஏதோ ஒன்று மூடப்பட்டிருக்கிறது என்பதையாவது வாசிப்பவர் அறிய வேண்டும். பின்னொரு நாளில் யாராவது மேன்முறையீடு செய்தால் எந்தத் தாளைத் தேடுவது என்பதும் அதனால் தெரியும்.

இந்தப் பிரிப்பில் ஒரு பக்கப் பலன் இருக்கிறது. மேலே உள்ள இரண்டு பந்திகளையும் மறுபடி பாருங்கள். பழையதில் காரணமும் இல்லை, திகதியும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை. ஊர் வாசிக்கப் போகிறது என்று தெரிந்து எழுதும்போது இவை தாமாக வந்து சேர்கின்றன.

சிறிய பாடசாலைகளுக்கு ஓர் எச்சரிக்கை. அறுபது, எழுபது பிள்ளைகள் படிக்கும் இடத்தில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. "தரம் 7 இல் தந்தையை இழந்த பிள்ளைக்குச் சப்பாத்து" என்றால் ஊருக்கே ஆள் தெரியும். எண்ணிக்கை ஐந்துக்குக் குறைவாக வந்தால் வகுப்பையும் காரணத்தையும் எடுத்துவிட்டு "உதவி தேவைப்பட்ட பிள்ளைகளுக்குச் சப்பாத்து, மொத்தச் செலவு இவ்வளவு" என்று எழுதுங்கள். சென்ற மாதத் தாளையும் இந்த மாதத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆள் பிடிபடுமா என்றும் ஒரு முறை பாருங்கள். தனித்தனியே பாதுகாப்பான இரண்டு தாள்கள் சேர்ந்தால் ஒரு பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பழைய தாளில் பெயர் நீக்குவது

ஏற்கெனவே எழுதிய கடிதங்களுக்கு நீக்கும் வேலை தவிர்க்க முடியாதது. கறுப்பு மார்க்கரால் பூசிய தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும். ஆகவே மூலத்தில் கை வைக்காதீர்கள். முதலில் ஒரு போட்டோ கொப்பி எடுங்கள். அதில் பெயரின் மேல் வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி, அதன் மேல் "நீக்கியது: மாணவர் விபரம்" என்று எழுதுங்கள். அதை மறுபடி போட்டோ கொப்பி எடுங்கள். இந்த இரண்டாம் பிரதிதான் வெளியே போகலாம்.

கணினியில் இன்னும் கவனம் வேண்டும். வேர்ட் கோப்பில் எழுத்தின் மேல் கறுப்பு நிறம் பூசினால் எழுத்து அடியில் அப்படியே இருக்கும். அந்த இடத்தைப் பிரதி எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் பெயர் வந்துவிடும். பீடிஎவ் கோப்பின் மேல் கறுப்புப் பெட்டி வைத்தாலும் இதே கதைதான். கையடக்கத் தொலைபேசியில் படத்தின் மேல் கீறும் பேனைகளில் சில அரைக் கண்ணாடி போன்றவை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ளது தெரியும். வேர்டுக்குள் வெட்டிச் சிறிதாக்கிய படத்தின் வெட்டிய பகுதியும் கோப்புக்குள்ளேயே கிடக்கும். ஆகவே பெயரை அழித்து, அந்த இடத்தில் நீக்கிய காரணத்தைத் தட்டெழுதி, திருத்தத் தடங்களையும் ஓரக் குறிப்புகளையும் அகற்றி, புதிதாகப் பீடிஎவ் ஆக்குங்கள். பிறகு அந்தக் கோப்பைத் திறந்து நீக்கிய பெயரைத் தேடிப் பாருங்கள். வேறொருவரைக் கொண்டு இன்னொரு முறை வாசிப்பியுங்கள். நீக்கியவரின் கண்ணுக்குத் தவறியது தெரியாது.

படங்களுக்குள் எடுத்த இடத்தின் விபரமும் பதிந்திருக்கலாம். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும்; ஆவணமாக அனுப்பினால் நீங்காது.

எங்கே வைப்பது

முதலில் பலகை. இணையத்தில் போட்டுவிட்டோம் என்று பலகையை விடுவது பெரிய தவறு. வாசலுக்கு அருகே, கூரைக்குக் கீழே, கண்ணாடி போட்ட பலகை வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழையில் இங்க்ஜெட்டில் அச்சிட்ட தாள் கரைந்து வழியும். லேசர் அச்சும் போட்டோ கொப்பியும் தாங்கும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் இட்ட திகதியையும் எடுக்கும் திகதியையும் எழுதுங்கள். மூன்று வாரம் போதும். எடுத்த தாள் குப்பைக்குப் போகாமல் அலுவலகத்தில் உள்ள பார்வைக் கோவைக்குப் போக வேண்டும். அந்தக் கோவையை யாரும் வந்து பார்க்கலாம். ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது.

இரண்டாவது இணையக் கோப்புறை. கூகுள் டிரைவ் போன்ற ஒன்று தாராளமாகப் போதும், இணையத்தளம் கட்டப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் பாடசாலையின் பெயரில் தனிக் கணக்கொன்று திறவுங்கள், ஆசிரியரின் சொந்தக் கணக்கு வேண்டாம். பகிரும்போது "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்பதைத் தெரியுங்கள், திருத்தும் அனுமதி எவருக்கும் வேண்டாம். பகிர்ந்த கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை வைத்தால் அதுவும் சேர்ந்து திறந்துவிடும். எனவே அந்தரங்கக் கோப்புகளை அதே கணக்கிலேயே வைக்காதீர்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: "2025-09-04 சங்கக் கூட்ட முடிவுகள்". எல்லாம் தாமாகவே கால வரிசையில் நிற்கும். "புதியது", "இறுதி", "இறுதி 2" என்ற பெயர்கள் ஒரு வருடத்தில் யாருக்கும் விளங்காது.

நம் அலுவலகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அதிகம் தட்டெழுதுகிறார்கள். அது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் கிடப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் வேர்ட் கோப்பைத் திறந்தால் ஒன்றும் வாசிக்க முடியாது. பீடிஎவ் ஆக்கினாலும் தமிழில் தேட முடியாது. கண் பார்வை இல்லாதவருக்கு வாசித்துக் காட்டும் செயலியும் உளறும். வெளியிடுவதற்கு முன், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்து முறையான யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றிய பின் இலக்கங்களையும் ரூபாத் தொகைகளையும் ஒரு முறை சரிபாருங்கள். குறியீடுகள் இடம் மாறும் இடம் அதுதான். கையெழுத்துத் தாளை ஸ்கேன் செய்தால் அங்குலத்துக்கு 200 புள்ளி, சாம்பல் நிறம், ஒரு பக்கம் அரை எம்பிக்குள் என்று வைத்தால் குறைந்த டேட்டாவிலும் திறக்கும்.

சிங்களத்தில் மட்டும் வந்த சுற்றறிக்கைக்கு அரைப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் சேருங்கள். "இது பாடசாலை தயாரித்த சுருக்கம், செல்லுபடியாவது மூலமே" என்ற வரி அதன் தலையில் இருக்கட்டும்.

வட்ஸ்அப் குழு செய்தி சொல்லத்தான், சேமித்து வைக்க அல்ல. குழுவில் எல்லாரின் தொலைபேசி இலக்கமும் எல்லாருக்கும் தெரியும், பல தாய்மார் இதை விரும்புவதில்லை. இலக்கங்கள் ஒருவருக்கொருவர் தெரியாத சனல் வசதியைப் பயன்படுத்தி, கோப்புறையின் இணைப்பை மட்டும் அதில் இடுங்கள். தொலைபேசி இல்லாத வீடுகளுக்கு மீனவர் சங்கம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் வழியாக ஓர் அச்சுப் பிரதி போகட்டும்.

எங்கே பிசகுகிறது

கூட்டறிக்கை திறந்ததும் சில இடங்களில் கூட்டமே வெறுமையாகிவிடுகிறது. உண்மையான பேச்சு தேநீர் வேளைக்கும் தொலைபேசிக்கும் மாறி, கொப்பியில் "ஆராயப்பட்டது" என்ற சொல் மட்டும் மிஞ்சும். இந்த முயற்சியைக் கொல்லக்கூடிய நோய் இதுவே. மருந்து, யார் என்ன சொன்னார் என்று எழுதுவதை நிறுத்துவது. எந்தெந்தக் கருத்துகள் வந்தன, எது ஏற்கப்பட்டது, ஏன் என்பவை போதும். ஆசிரியர் பயமின்றி மாறுபட்டுப் பேச இடம் வேண்டும். முடிவும் காரணமும் இல்லாத பந்தியை மட்டும் அதிபர் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பட்டும்.

அடுத்தது இடமாற்றம். கடவுச்சொல் தெரிந்த ஆசிரியர் மாறிப் போனதும் கணக்கு அநாதையாகிறது. கணக்கை மீட்கும் இலக்கமாக அலுவலகத் தொலைபேசியைக் கொடுங்கள். கடவுச்சொல்லை மூடிய உறையில் அதிபரின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். பொறுப்புக் கையளிக்கும் பட்டியலில் காசேடு, பொருட்பதிவேட்டோடு இதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

குவியலும் மறைப்பின் ஒரு வகைதான். வருட முடிவில் இருநூறு பக்கத்தை ஒரே நாளில் ஏற்றினால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். கூட்டம் முடிந்து ஏழு நாளுக்குள் வெளியிடுவது என்று ஒரு விதி வையுங்கள். ஏற்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சுட்டிப் பதிவேட்டில் திகதி, இலக்கம், பொருள், முழுதாகத் திறந்ததா, பகுதியா, மூடியதா, மூடியதென்றால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். மூடிய தாளின் பொருள்கூட இந்தப் பதிவேட்டில் தெரிய வேண்டும். பிழையாக ஒரு பெயர் வெளியே போய்விட்டால் உடனே கோப்பை எடுங்கள், அந்தக் குடும்பத்துக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், திருத்திய பிரதியைத் திகதியோடு இடுங்கள். சத்தமில்லாமல் மாற்றி வைக்காதீர்கள்.

பழைய தாளை எரிக்கும் முன்னும் யோசியுங்கள். தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 7 ஆம் பிரிவின்படி, அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவுகளை அன்றிலிருந்து 10 வருடத்துக்கும், அதன் பின் உருவான பதிவுகளை உருவான நாளிலிருந்து 12 வருடத்துக்கும் குறையாமல் வைத்திருக்க வேண்டும்.

பாடசாலை திறக்காவிட்டால்

பெற்றோர் முதலில் நேரில் கேட்கலாம். பயனில்லை என்றால் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம். அலுவலகத்தில், இந்த விண்ணப்பங்களைக் கையாளும் தகவல் அலுவலரின் பெயரும் தொடர்பு விபரமும் கட்டண விபரமும் தெரியும்படி இட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 26 ஆம் பிரிவு. தகவல் அலுவலர் நியமிக்கப்படவில்லை என்றால் நிறுவனத் தலைவரையே தகவல் அலுவலராகக் கொள்ள வேண்டும். இதற்கு ஆர்.டி.ஐ. (தகவலுக்கான உரிமை) 01 என்ற படிவம் உண்டு. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, அலுவலர் கேட்டாலும் சொல்லாமல் விடலாம்.

விண்ணப்பம் தோற்பது பெரும்பாலும் கேள்வி பரந்து கிடப்பதால்தான். "பாடசாலைக் கணக்கு முழுவதும்" என்று கேட்காதீர்கள். "2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை அபிவிருத்திச் சங்க நிறைவேற்றுக் குழுக் கூட்டறிக்கைகளின் பிரதி, அதே காலத்தில் 50,000 ரூபாவுக்கு மேற்பட்ட கொள்வனவுகளுக்குப் பெற்ற விலைமனுக்களின் பிரதி" என்று கேளுங்கள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்பது தகவல் கோரிக்கை ஆகாது. "அந்த முடிவு எழுதப்பட்ட ஆவணத்தின் பிரதி" என்றால் ஆகும். விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைத் துண்டை வாங்காமல் வராதீர்கள். நாட்கள் அதிலிருந்துதான் எண்ணப்படும்.

கொடுப்பதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாளுக்குள் வர வேண்டும். கொடுப்பதென்றால் அதிலிருந்து 14 நாளுக்குள் தகவல் வர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 21 நாள் வரை நீடிக்கலாம். உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணித்தியாலம். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ, 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் (மேன்முறையீட்டைக் கேட்பதற்கென நியமிக்கப்பட்டவர்) மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். இந்தத் திகதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், தவறவிட்ட மேன்முறையீடுதான் அதிகம்.

பாடசாலை தகவலைக் கொடுத்துவிட்டால், அதை அதிபர் இன்னொரு பிரதியெடுத்து, கேட்டவரின் பெயரை நீக்கி, பார்வைக் கோவையிலும் இணையக் கோப்புறையிலும் இட வேண்டும். ஒருவர் கேட்டதை அடுத்த வாரம் இன்னொருவர் கேட்கத்தான் போகிறார்; அவர் மறுபடியும் 14 நாள் காத்திருக்கத் தேவையில்லை.